ஒன்றரை மில்லி கோணல்

லேத் தொழிலாளர் சங்கத்து ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொல்லி வீட்டுக்கு வந்த தம்பிகள், "மணியண்ணே, நீங்க செஞ்சதுலயே கஷ்டமான சாமான் எதுவோ, அத எழுதுங்கோ" என்றார்கள். மீன்பிடி போட்டு ஷாஃப்டைப் பற்றி எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் இரண்டு பக்கம் எழுதினேன். காலையில் வாசித்துப் பார்த்துவிட்டுக் கிழித்தேன்.

முப்பது வருஷத்துக்கு மேல் லேத்தில் நின்றவன் நான். எனக்குக் கஷ்டமான சாமான் ஒன்றுதான். அது ஒரு விளையாட்டுச் சாமான். இங்கிலீஷ் படம் ஒன்றில் வேறு கிரகத்துக்குப் போகிறவன் கையில் பிடித்திருக்கும் கருவி. ஒரு சாண் நீளம். பார்த்தால் டார்ச் லைட்டுக்கும் பைப்புத் திறப்பானுக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருக்கும். அதை அச்சு அசலாக உலோகத்தில் கடைந்து கொடுத்தேன். அச்சு அசலாக என்று எழுதியதே தப்பு. அந்தத் தப்பைத்தான் எழுத வேண்டும்.

ஏழாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் தம்பிகள் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தை அப்படியே விட்டுவிடட்டும்.

அஞ்சுகிராமத்திலிருந்து கோட்டாறுக்குப் பஸ்ஸில் போய் வேலை படித்தேன். முதல் மூன்று வருஷம் பிசிறு அள்ளியதும், டூல் தீட்டியதும், திட்டு வாங்கியதும்தான். அதில் எழுத ஒன்றும் இல்லை. என் பெயர் தங்கமணி. பட்டறையில் வெப்ராளம் மணி என்பார்கள், எதற்கும் பதறுகிறவன் என்று. வீட்டுக்குத் திரும்பும் பஸ் சுசீந்திரம் தாண்டும்போது, மோட்டாரை நிறுத்தினேனா இல்லையா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். இரண்டு தடவை இறங்கித் திரும்ப வந்து பார்த்திருக்கிறேன். இரண்டு தடவையும் நிறுத்தித்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு நாள், புரியாத ஒன்றை எழுந்து கேட்டதற்கு வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு, தெரியாது என்று ஒப்புக்கொண்டு யாரிடமும் எதையும் கேட்க எனக்கு வராது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. பின்னால் வருவதற்கு இது வேண்டும்.

பட்டறை அருளண்ணனுடையது. அவர் மாரடைப்பில் போனபிறகு அவருடைய மனைவி ஸ்டெல்லா நடத்தினார். என்னைவிட வயதில் இளையவர்தான். ஆனாலும் அருளண்ணனின் மனைவி என்பதால் பட்டறையில் எல்லோருக்கும் அவர் மைனி. லேத்தில் கை வைக்க மாட்டார். அளவு பார்ப்பதுதான் அவருடைய வேலை. அதில் அவரை மிஞ்ச இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது என்பேன்.

ஜன்னல் ஓரத்தில் பச்சை ரெக்சின் விரித்த மேசை. அதன்மேல் மைக்ரோமீட்டர் மூன்று, வெர்னியர், ஆட்டத்தை முள்ளில் காட்டும் டயல், பழைய பருத்திச் சேலையில் கிழித்த துணி. கடைந்த சாமானைக் கொண்டு வைத்தால் உடனே தொட மாட்டார். "சூட்டோட அளந்தா சாமான் பொய் சொல்லும்" என்பார். ஆறிய பிறகு துடைத்து, மூன்று இடத்தில் அளப்பார். சரியாக இருந்தால் மேசையின் இடது பக்கம் போகும். தப்பு என்றால் வலது பக்கம். வாயைத் திறக்க மாட்டார். வலது பக்கம் வைத்துவிட்டு அடுத்த சாமானை எடுப்பார், அவ்வளவுதான். அதற்குத் திட்டே தேவலை என்று இருக்கும். பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. அவர் மேசையைத் தாண்டாமல் எந்தச் சாமானையும் இன்னொன்றோடு சேர்க்கக் கூடாது. சேர்த்துவிட்டால் உள்ளே இருப்பதை யார் அளப்பது?

சுனாமி அலை அடித்த மறு வருஷம் பட்டறையில் நிற்க இடமில்லாமல் வேலை வந்தது. போட்டுகள் போன கரைகளுக்கு உதவி செய்யும் அமைப்பு ஒன்று புதுப் போட்டுகள் கொடுத்தது. அதற்கு ஷாஃப்ட் கடைய அளவு போட்ட படமும் அவர்களே தந்தார்கள். ப்ரொப்பெல்லர் உட்காரும் நுனியில் ஒரு சரிவு வரும். படத்தில் இருந்த சரிவும் ப்ரொப்பெல்லரின் உள்ளே இருந்த சரிவும் ஒன்றல்ல என்று பார்த்ததும் எனக்குத் தெரிந்தது. அந்த மாதிரி நூறு கடைந்தவன் நான். ஆனால் வரைந்தவன் படித்தவன். நான் என்னத்தைக் கேட்பது? படத்தில் உள்ளபடி கடைந்தேன். மைனியும் படத்தை வைத்து அளந்து இடது பக்கம் வைத்தார்.

மூன்றாம் வாரம் ப்ரொப்பெல்லர் கழன்று கடலில் போயிற்று. போட்டில் இரண்டு பேர். ஒன்றரை நாள் தண்ணீரில் அலைந்தவர்களை வேறு போட்டுக்காரர்கள் கட்டி இழுத்து வந்தார்கள். அலை அடித்து ஒரு வருஷம் ஆகவில்லை. அந்த ஒன்றரை நாளும் அந்த இரண்டு வீட்டுப் பெண்களும் கரையில் எப்படி நின்றிருப்பார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

மைனி அந்த ஷாஃப்டை மேசையில் கிடத்தி என்னைக் கூப்பிட்டார்.

"மணியண்ணே, இது ஒக்காராதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் மைனி."

"பின்ன?"

"படத்துல அப்படித்தான் இருந்தது."

"படமா போட்டுல ஏறிப் போச்சு?"

அவர் ஷாஃப்டை மேசையின் வலது பக்கம் உருட்டி வைத்தார். "எனக்கு அளக்கத்தான் தெரியும். ஒங்களுக்குக் கை சொல்லும். இனி கண்ணுல தப்புன்னு பட்டா படத்தப் பாக்காதுங்கோ. என்னயக் கூப்பிடுங்கோ."

கடைசியில் இரண்டு வாக்கியம் சொன்னார். முதல் வாக்கியம்தான் எனக்குள் இறங்கியது. இரண்டாவது, கூப்பிடச் சொன்னது. அது எனக்கு முடியாத காரியம்.

அதற்கு ஆறேழு வருஷம் கழித்து ஜெரின் வந்தான். மைனியின் ஒரே தம்பி. கல்ஃபில் பைப்பு வேலை நடக்கும் யார்டில் அளவு பார்க்கும் இன்ஸ்பெக்டராக இருந்தவன். அக்கா தம்பி இரண்டு பேருக்கும் ஒரே தொழில் என்று கேலி செய்வோம். வெயிலில் நின்று, தண்ணீர் குடிக்க நேரமில்லாமல், ஒரு நாள் அங்கேயே விழுந்துவிட்டான். ஒரு கிட்னி சுருங்கிவிட்டது, மற்றது பாதிதான் வேலை செய்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இங்கே டாக்டர் சொன்னது ஒரே வார்த்தை. "இனி அந்த வெயில் ஆகாது. நிழலில் இருந்து செய்யும் வேலையாகப் பாருங்கள்." வீட்டில் மனைவி பிரீடா, மூன்று வயதில் ஒரு பெண் பிள்ளை.

நிழலில் இருந்து செய்யும் வேலையை அவன் கண்டுபிடித்துக்கொண்டுதான் வந்திருந்தான். கல்ஃப் கேம்பில் இருக்கும்போது கம்ப்யூட்டரில் ஒரு கூட்டத்தோடு பழக்கம். பழைய விண்வெளிப் படங்களில் வரும் துப்பாக்கி, கருவி, தொப்பி இதையெல்லாம் அசல் போலச் செய்து வீட்டில் வைத்திருப்பவர்கள். பெரிய டாக்டர்கள், வக்கீல்கள் எல்லாம் அதில் உண்டாம். ஒரு கருவிக்கு நாற்பது உருப்படி வேண்டுமென்று கேட்டிருந்தார்கள். மாதிரி ஒன்று அனுப்ப வேண்டும். வேறு நாட்டிலிருந்தும் ஒருவன் மாதிரி அனுப்புகிறான். இரண்டில் எது அசல் போல இருக்கிறதோ அதற்கு வேலை. அது பிடித்துப்போனால் அடுத்தடுத்து வரும். ஜெரின் படம் வரைந்து, அளவு பார்த்து, கட்டி அனுப்பிக்கொண்டு ஊரிலேயே இருந்துவிடலாம்.

"இது என்னதுக்குள்ள கருவியாக்கும் மக்களே?" என்று கேட்டேன்.

"அந்த ஆளு வேற கிரகத்துல போய் இறங்குவான்லா அண்ணே, இத நீட்டிப் பாப்பான். எதுல வெசம் இருக்கு, எதுல உயிரு இருக்குன்னு சொல்லும்."

பக்கத்து லேத்தில் இருந்த சேவியர், "அப்ப நம்ம டீக்கடை வடைக்கு நேர ஒண்ணு நீட்டிப் பாரும்" என்றார்.

"கருவி வெடிச்சிரும் மாமா" என்றான் ஜெரின். அப்போதெல்லாம் அவன் சிரித்துக்கொண்டேதான் இருப்பான்.

கம்ப்யூட்டரில் வரைந்த படத்தை மேசையில் விரித்து எனக்கு விளக்கினான். மொத்தம் பதினொரு சாமான். எவர்சில்வரில் உடம்பு, அலுமினியத்தில் தலை, பித்தளையில் வளையங்கள், ஒரு மில்லி கனத்தில் ஏழு தகடு போல வெட்டிய பகுதி ஒன்று. சேவியர் வார்ப்பிரும்பு கடைந்துகொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் ஜெரின் பாதி தமிழும் பாதி இங்கிலீஷுமாகச் சொல்லிக்கொண்டு போனான். ஏழு தகட்டையும் வளையாமல் எப்படி வெட்டுவது என்பதிலேயே என் புத்தி நின்றுவிட்டது. கழுத்து வளையத்தைக் காட்டி ஏதோ நிறையச் சொன்னான். நான் தலையாட்டினேன். "புரிஞ்சுதா அண்ணே?" என்றான். "புரிஞ்சுது" என்றேன். புரியாதபோது அதிகமாகத் தலையாட்டுவது என் பழக்கம். அவனுக்கு அது தெரியாது. மறுநாள் காய்ச்சல் உடம்போடு வந்து, சாமானுக்கு ஒன்றாகப் பேப்பர்களை என் கையில் தந்துவிட்டுப் போனான்.

பதினைந்து நாள் வேலை. வாழ்க்கையில் அத்தனை ஆசையாக நான் எதையும் கடைந்ததில்லை. ஏழு தகடும் வெட்டுவதற்கு டூலை ஹாக்ஸா பிளேடு கனத்துக்குத் தீட்டி, மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாக விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கினேன். ஐந்தாவது தகட்டில் டூல் கடித்து எல்லாம் சுருண்டது. திரும்பச் செய்தேன். சொரசொரப்பு ஏற்றிய கைப்பிடி முதல் தடவை மைனி மேசையில் வலது பக்கம் போயிற்று. இரண்டாம் தடவை இடது பக்கம். ஒவ்வொன்றாகப் பத்துச் சாமானும் இடது பக்கம் சேர்ந்தன.

மிச்சம் கழுத்து. பித்தளை வளையம். உடம்பின் மேல் இறுக்கமாக உட்கார வேண்டும். அதன் மேல்தான் தலை வரும். அதன் பேப்பரை மைனி இன்னும் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்தால் உள் துளைக்கு ஒரு மையம், வெளி வட்டத்துக்கு வேறு மையம். இரண்டுக்கும் நடுவில் ஒன்றரை மில்லி. பக்கத்தில் இங்கிலீஷில் இரண்டு வரி. எனக்கு எண் படிக்கத் தெரியும். குறிகள் தெரியும். இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது.

லேத்தில் சாமானைக் கவ்வும் நாலு தாடைச் சக்கில் வளையத்தைப் பிடித்து, படத்தில் உள்ளபடியே ஒன்றரை மில்லி தள்ளி வைத்தேன். இது உண்மை. டயலை வைத்துக் கையால் சுற்றினேன். முள் மூன்று மில்லி ஏறி இறங்கியது. ஒன்றரை தள்ளினால் முள் இரண்டு மடங்கு காட்டும், சரியாகத்தான் இருந்தது. ஸ்விட்சைப் போட்டேன். வளையம் குடிகாரன் நடப்பதுபோல ஆடிக்கொண்டு சுற்றியது. டூலைக் கிட்டே கொண்டுபோக என் கை வரவில்லை.

அந்த ஆட்டத்தை எடுக்கத்தானே இத்தனை வருஷமாகச் சம்பளம் வாங்கினேன். ஆடுகிற ஷாஃப்ட், ஆடுகிற புல்லி, எது வந்தாலும் நேராக்கித்தான் அனுப்பியிருக்கிறேன். இவ்வளவு அழகான சாமானில் தலை மட்டும் ஒரு பக்கமாகத் தள்ளி உட்கார்ந்திருக்குமா? ஜெரின் இதை போட்டோவில் அளந்து வரைந்தவன் என்பது எனக்குத் தெரியும். சாய்த்து எடுத்த போட்டோவில் அளந்தால் இரண்டு மையம் விலகித்தான் தெரியும். பாவம், அவனுக்குத் தெரியவில்லை என்று முடிவு கட்டினேன். ஷாஃப்ட் ஞாபகம் வந்தது. படமா போட்டுல ஏறிப் போச்சு?

மைனியைப் பார்த்தேன். யாரோ போட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். கேட்டிருக்கலாம். பத்தடி தூரம். அந்த இரண்டு வரியை வாசித்துச் சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும். அவருக்கு எதிரே, போட்டுக்காரருக்கு எதிரே, சேவியருக்கு எதிரே. இத்தனை வருஷம் கழித்து, எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது என்று. ஜெரினைக் கேட்கலாமென்றால் அவன் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

தாடைகளைத் தளர்த்தினேன். டயல் முள் அசையாதவரை நேராக்கினேன். கடைந்தேன். மேசைக்குக் கொண்டுபோனால் படத்தோடு வைத்து அளப்பார், ஏன் மாற்றினீர்கள் என்று கேட்பார். அதற்குப் பயந்து, பட்டறைச் சட்டத்தை முதல் தடவையாக மீறினேன். ஸ்டவ்வில் வளையத்தைச் சுட்டு, விரிந்த சூட்டோடு உடம்பில் இறக்கினேன். ஆறியதும் கவ்விக்கொண்டது. இனி அறுத்தால்தான் வரும்.

பதினொன்றையும் பூட்டி மைனியிடம் கொண்டுபோனேன். "கழுத்த அளக்கக் கொண்டு வரலியே" என்றார். "அவசரம்லா மைனி, நாளைக்கு அனுப்பணும்னு சொன்னிய" என்றேன். அவர் கருவியைத் தாங்கு கட்டையில் கிடத்தி, டயலைத் தலையில் தொடவிட்டு மெல்ல உருட்டினார். ஒரு முழுச் சுற்று. முள் இருந்த இடத்தில் இருந்தது.

"கொள்ளாம்" என்றார்.

அத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து எனக்கு வந்த ஒரே நல்ல வார்த்தை. சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் நின்றேன். அந்த வார்த்தையைக் கேட்டபிறகு வாய் திறக்கவில்லை. மறுநாள் காலையில் பஞ்சு வைத்துப் பெட்டியில் கட்டி, ஜெரின் பார்க்காமலே, சாமான் கடல் தாண்டிப் போயிற்று.

ஒரு மாதம் கழித்து ஜெரின் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். உடம்பு வற்றிப்போயிருந்தது. நாங்கள் செய்ததையும் அசலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒரு போட்டோ அனுப்பியிருந்தார்கள். அசலில் தலை ஒரு பக்கமாகத் தள்ளி இருந்தது. நல்ல கோணல்.

"அந்தக் காலத்துல படக்காரனுவ கைல காசு இல்லாம, ஏதோ கேமராவுல கழிச்ச துண்டு, பழைய குழாயில கழிச்ச துண்டுன்னு பொறுக்கிச் செஞ்சதாக்கும்" என்றான் ஜெரின். "கழுத்துக்கு ஒரு கெட்டுப்போன வளையம் மாட்டியிருக்கானுவ. அந்தக் கோணல இவனுவ ஒவ்வொருத்தனும் கண்ண மூடிட்டு வரைவான். நம்ம சாமான் அருமையா இருக்காம். எந்தக் குத்தமும் இல்லியாம். ஆனா இது அது இல்லியாம்."

"இன்னொண்ணு செஞ்சு அனுப்புவோம்ல?" என்றார் மைனி.

"கேட்டேன் அக்கா. மத்தவனுக்குச் சொல்லியாச்சாம்."

பிறகு அவன் என் பக்கம் திரும்பினான். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் நான் அங்கேயே சொல்லியிருப்பேன். கோபம் இல்லை. "மணியண்ணே, கழுத்துக்கு நான் தந்த பேப்பர் இருக்கா? எங்கிட்ட ரெண்டு உண்டும். மொதல்ல வரைஞ்சதுல இந்தக் கோணல் கிடையாது, பொறவு சேத்தது. பழசத்தான் மாத்தித் தந்துட்டேனோன்னு சந்தேகம்."

பேப்பர் என் டூல் பெட்டியில், மேல் தட்டில், நான்காக மடித்து இருந்தது.

"அது எண்ணெ பட்டு நைஞ்சு போச்சு மக்களே. பிசிறோட வாரிக் களஞ்சிட்டேன்" என்றேன்.

"அப்ப பழசுதான். தந்த அன்னைக்கே எனக்குக் காய்ச்சல்லா, மண்டை வேல செய்யல." தன் தலையில் தானே ஒரு அடி போட்டுக்கொண்டான். "சவம். ஒரு பேப்பர ஒழுங்கா எடுத்துக் கொடுக்கத் துப்பில்ல."

அன்று பஸ்ஸில் அந்தப் பேப்பரைச் சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் மகள் அப்போது காலேஜில் படித்தாள். அந்த இரண்டு வரியை வாசிக்கச் சொன்னேன். வாசித்துத் தமிழில் சொன்னாள். 'இந்தக் கோணல் வேண்டுமென்றே உள்ளது, திருத்த வேண்டாம். சந்தேகம் இருந்தால் என்னைக் கூப்பிடவும்.' கீழே அவனுடைய போன் நம்பர்.

"யாருக்குப்பா எழுதினது இது?" என்று கேட்டாள். யாருக்கோ என்றேன்.

நான்கு மாதம் ஜெரின் இங்கே வேலை தேடினான். கிடைத்ததெல்லாம் ரோட்டில், வெயிலில். நிழலில் உட்காரும் வேலை என்று ஒரு ஏஜெண்ட் சொன்னதை நம்பித் திரும்பவும் கல்ஃபுக்குப் போனான். போகிற அன்று பட்டறைக்கு வந்து எல்லோர் கையையும் பிடித்தான். அங்கே போனதும் அவனை யார்டில்தான் நிறுத்தினார்கள். இரண்டாவது கோடையில் விழுந்தான். இந்தத் தடவை எழுந்திருக்கவில்லை, தூக்கித்தான் விமானத்தில் ஏற்றினார்கள்.

நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் வாரம் மூன்று தடவை டயாலிஸிஸ். வியாழக்கிழமை தோறும் நான் போய் உட்காருவேன். ஒவ்வொரு வியாழனும் பஸ்ஸில் போகும்போது சொல்லிவிடுவது என்று போவேன். சொல்ல வேண்டிய வாக்கியத்தை வாய்க்குள் உருப்போடுவேன்.

"இதுவும் லேத் போலத்தான் அண்ணே. சுத்திட்டே இருக்கு, சாமான் தேஞ்சிட்டே இருக்கு" என்றான் ஒரு நாள். அந்த மெஷினைக் கண்ணால் காட்டினான். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். பேசியபோது குரல் வேறாக இருந்தது. "அந்தப் பேப்பர ஒரு தடவ விரிச்சுப் பாத்துத் தந்திருந்தா போதும். ஒரே ஒரு தடவ. பிரீடாவுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

அதுதான் நேரம். அதைவிட நல்ல நேரம் எனக்கு வராது என்று அப்போதே தெரிந்தது.

"தண்ணி குடிக்கியா மக்களே?" என்று கேட்டேன்.

அவனுக்குத் தண்ணீர் ஆகாது. ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அளந்துதான் கொடுப்பார்கள். நான் கேட்டதைக் கேட்டு அவனுக்குச் சிரிப்பு வந்தது. "ஒமக்கு வெப்ராளம்னு பேரு வச்சவன் வாயில சர்க்கரைதான் போடணும்" என்றான். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது.

அதற்குப் பிறகு ஐந்து வியாழக்கிழமைகள் இருந்தன. ஐந்திலும் சொல்லவில்லை. ஆறாவது வியாழன் அவனை அடக்கம் செய்தோம்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் அந்தப் பேப்பரைக் கொண்டுபோய் மைனியின் மேசையில் விரித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஆடும் வளையத்தை, நேராக்கியதை, சுட்டு இறக்கியதை, எண்ணெய் பட்டது என்ற பொய்யை. அவர் அந்த இரண்டு வரியை வாசித்தார். தம்பியின் போன் நம்பரின் மேல் விரலை வைத்தார்.

"என் மேசையத் தாண்டாம போன சாமான் அது ஒண்ணுதான்" என்றார். "ஏன் கொண்டு வரலன்னு நானும் கேட்டேன். நீங்க ஒண்ணு சொன்னிய. நான் விட்டேன். அவசரம்னு விட்டேன்."

"என்னய வேலைய விட்டு நிறுத்துங்கோ மைனி."

"நிறுத்தினா அவன் வருவானா?" பேப்பரை மடித்து என் கையில் தந்தார். "பிரீடாட்ட நான் சொல்ல மாட்டேன். அது ஒங்க வேலயாக்கும். நாளைக்கு அந்த பம்பு ஷாஃப்ட் முடியணும்."

அதற்குப் பிறகும் மூன்று வருஷம் அங்கே வேலை பார்த்தேன். நான் கடைந்ததையெல்லாம் அவர் எப்போதும்போல அளந்தார். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. என்னைத் திட்டியிருந்தால், வெளியே தள்ளியிருந்தால், ஊரைக் கூட்டியிருந்தால் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன். கண் மங்கி, நானாகவே நின்றேன். போகும்போது எல்லோரும் சால்வை போட்டார்கள். தொழிலில் நேர்மை என்று ஒருவர் பேசினார்.

பிரீடா வீட்டுக்கு மூன்று தடவை போனேன். முதல் தடவை டீ குடித்துவிட்டு வந்தேன். இரண்டாம் தடவை பிள்ளைக்குப் பழம் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்றாம் தடவை பேப்பர் சட்டைப் பையில்தான் இருந்தது. பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு எழுதிக்கொடுக்க வேண்டிய ஏதோ தாளைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். பிரீடா அடுப்படியிலிருந்து சத்தம் போட்டாள்.

"ஏட்டி, ரெண்டு தடவ விரிச்சுப் பாத்து வை. ஒங்க அப்பா மாதிரி பேப்பர மாத்திக் கொண்டு குடுத்திராத."

பிள்ளை விரித்துப் பார்த்தாள். ஒரு தடவை. மடித்தாள். திரும்பவும் விரித்துப் பார்த்தாள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு சொல்லாமல் இறங்கி வந்துவிட்டேன்.

வாயால் சொல்ல எனக்கு இனி வராது. வயதாகிவிட்டது, இனி வரப்போவதில்லை. அதனால்தான் தம்பிகள் கேட்டபோது எழுதுகிறேன் என்று ஒத்துக்கொண்டேன். அந்தப் பேப்பரையும் இந்தப் பக்கத்தோடு சேர்த்து அச்சடிக்கக் கொடுத்திருக்கிறேன். மலர் வந்ததும் ஒன்றை அந்த வீட்டில் கொண்டு சேர்க்கும்படி மைனியிடம் கேட்டிருக்கிறேன். யாரிடமும் எதுவும் கேட்காத நான் கேட்டது அது ஒன்றுதான். அவர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

பிரீடா, ஜெரின் பேப்பரை மாற்றித் தரவில்லை. சரியான பேப்பரைத்தான் தந்தான். பிள்ளையிடமும் சொல்.